ஒரு காது... 15,000 முடி!



இந்த வாரம் ஆரம்பத்துலயே ஒரு டெஸ்ட். (பயப்படாதீங்க, இன்டர்னல் மார்க் எல்லாம் கிடையாது.) செல்போனை எடுங்க. வாட்ஸ்அப்ல நீங்க யாருக்காவது அனுப்பின பழைய வாய்ஸ் மெசேஜ் ஒண்ணைப் போட்டுக் கேளுங்க.

கேட்டாச்சா? "ச்சே... என் குரலா இது? சின்னப் பையன் மூக்கால பேசுற மாதிரி இருக்கே!"ன்னு தோணுதா? அப்படியே பக்கத்து பெஞ்ச் ஃப்ரெண்டுகிட்ட கொடுத்துக் கேக்கச் சொல்லுங்க. "உன் குரல் எப்பவும் இப்படித்தான்டா இருக்கும்"னு கூலா சொல்லிட்டுப் போயிடுவான்.

அவன் சொல்றது நிஜம். நாம பேசும்போது நம்ம குரல் ரெண்டு ரூட்ல நம்ம காதுக்கு வருது. ஒண்ணு, வாயிலிருந்து காற்று வழியா. இன்னொண்ணு, மண்டை எலும்பு வழியா நேரா உள்காதுக்கு. எலும்பு, கனமான கீழ் ஸ்தாயி ஒலிகளை நல்லாவே கடத்தும். அதனால நமக்கு மட்டும் நம்ம குரல் கொஞ்சம் கம்பீரமா கேக்குது. ரெக்கார்டிங்ல எலும்பு ரூட் கட். ஊர் உலகமே கேக்குற குரல் மட்டும் மிச்சம். ஆக, இவ்வளவு வருஷமா உங்க ஒரிஜினல் குரலைக் கேக்காத ஒரே ஆள்... நீங்கதான்!

இந்த வாரம் முழுக்க இப்படித்தான். டாபிக்: காது. கம்மல் போடவும், கண்ணாடியை மாட்டவும், ஹெச்.ஓ.டி. திருகவும் மட்டுமே படைக்கப்பட்டதா நாம நினைச்சுக்கிட்டிருக்கிற அந்த ரெண்டு உறுப்புக்குள்ள என்னென்ன கூத்து நடக்குதுன்னு பார்ப்போம், வாங்க.

அரிசிக்கும் குட்டி!

உங்க உடம்புலயே ரொம்பச் சின்ன எலும்பு எதுன்னு குவிஸ்ல கேட்டா டக்குனு சொல்லுங்க: நடுக்காதுல இருக்கிற அங்கவடி எலும்பு. நீளம் சுமார் 3 மில்லிமீட்டர். ஒரு அரிசியைவிடக் குட்டி. பிறந்தப்ப என்ன சைஸோ, இன்னிக்கும் அதே சைஸ். நீங்க ஆறடி வளர்ந்தீங்க, அது அசரவே இல்ல.

அந்த எலும்புக்கு முன்னாடி இருக்கிறது செவிப்பறை. ராத்திரி ரெண்டு மணிக்கு நிசப்தமான ரூம்ல, கேட்டும் கேக்காம வர்ற ஒரு மெல்லிசான சத்தத்துக்கு இந்தப் பறை அசையுற தூரம் எவ்வளவு தெரியுமா? ஒரு ஹைட்ரஜன் அணுவோட அளவைவிடக் குறைவு. அதே காது, வலிக்கிற அளவுக்கு ஸ்பீக்கர் அலறினாலும் கேட்டுக்குது. மெல்லிசான அந்தச் சத்தத்துக்கும் இந்த அலறலுக்கும் ஒலி ஆற்றல்ல உள்ள வித்தியாசம் ஒரு லட்சம் கோடி மடங்கு. ஒரே தராசுல கடுகையும் நிறுக்கணும், கப்பலையும் நிறுக்கணும்னா எப்படி இருக்கும்? அதைத்தான் காது தினமும் அலட்டிக்காம செய்யுது.

அதுக்கும் உள்ள போனா நத்தைக்கூடு மாதிரி சுருண்ட ஒரு குழல், உள்ளே திரவம். அந்தக் குழலுக்குள்ள வரிசை கட்டி நிக்கிறாங்க நம்ம ஹீரோக்கள்: முடி செல்கள். ஒவ்வொரு செல்லின் தலையிலும் பிரஷ் மாதிரி கண்ணுக்குத் தெரியாத முடிக்கற்றை. ஒரு காதுக்குச் சுமார் 15,000 செல்கள். வாசல் பக்கம் நிக்கிற செல்கள் கீச்சுனு ஒலிக்கிற உச்ச ஸ்தாயிக்கு. உள்ளே கடைக்கோடியில நிக்கிறது 'தொம்'னு வர்ற கீழ் ஸ்தாயிக்கு. கிட்டத்தட்ட சுருட்டி வெச்ச ஒரு ஹார்மோனியப் பெட்டி.

இந்தக் குழல்ல ஒலி எப்படி அலையா ஓடுதுன்னு கண்டுபிடிச்சவர் டாக்டர் இல்ல. ஹங்கேரியில தபால் தந்தித் துறையோட டெலிபோன் ஆய்வுக்கூடத்துல வேலை பார்த்த ஒரு பிசிக்ஸ் ஆசாமி. பேர் கியார்க் வான் பெக்கெஸி. டெலிபோனை நல்லா கேக்க வைக்கணும்னா முதல்ல காது எப்படிக் கேக்குதுன்னு தெரியணுமேன்னு இறங்கினவருக்கு 1961-ல் மருத்துவ நோபல். "பிசிக்ஸ் படிச்சு என்னடா பண்ணப் போற?"ன்னு கேக்குற மாமாக்களுக்கு இதை ஃபார்வேர்ட் பண்ணுங்க!

காது பேசும்!

காது கேக்கும். ஓகே. காது சத்தம் போடும்னா நம்புவீங்களா?

1978-ல் லண்டன்ல டேவிட் கெம்ப்னு ஒரு விஞ்ஞானி, காதுக்குள்ள ஒரு குட்டி மைக்கை வெச்சுப் பார்த்தார். ஒரு 'க்ளிக்' சத்தம் உள்ளே அனுப்பினா, சில மில்லி செகண்ட் கழிச்சு காது பதிலுக்கு ஒரு ஒலியைத் திருப்பி அனுப்புது! காரணம், முடி செல்கள்ல முக்கால்வாசி வெறுமனே கேட்டுக்கிட்டிருக்கிற ஜாதி இல்ல. சத்தம் வந்தா தாளத்துக்கு ஏத்த மாதிரி நீண்டு சுருங்கி ஆடும். அந்த ஆட்டம்தான் மெல்லிய சத்தத்தைப் பெருக்கிக் கொடுக்கிற ஆம்ப்ளிஃபயர். ஜொனாதன் ஆஷ்மோர்ங்கிற விஞ்ஞானி, கினியா பன்றியோட ஒரே ஒரு முடி செல்லை மைக்ராஸ்கோப்புக்குக் கீழே வெச்சு, 'ராக் அரவுண்ட் தி கிளாக்' பாட்டை மின்சாரமா மாத்திக் கொடுத்தார். செல் ஆடுச்சு பாருங்க ஒரு ஆட்டம்! கல்ச்சுரல்ஸ் மேடையில நாம ஆடுறதெல்லாம் அப்புறம்.

இது வெறும் வேடிக்கை இல்ல. பிறந்து ஓரிரு நாளே ஆன குழந்தைகிட்ட "பாப்பா, காது கேக்குதா?"ன்னு எப்படிக் கேப்பீங்க? பாப்பாவைக் கேக்க வேண்டாம், காதையே கேட்டா போதும். தூங்குற குழந்தை காதுல 'க்ளிக்' அனுப்பி, பதில் ஒலி வருதான்னு பார்க்கிறாங்க. நம்ம ஊர் ஆஸ்பத்திரிகள்லயும் இப்போ இந்த டெஸ்ட் சகஜம்.

டகால்டி மூளை

லேண்ட்லைன்ல அப்பா பேசும்போது அது அப்பா குரல்னு தெரியுது இல்ல? அதுல ஒரு ஃப்ராடு இருக்கு. ஆண் குரலோட அடிப்படை அதிர்வு செகண்டுக்குச் சுமார் 120, அதாவது 120 ஹெர்ட்ஸ். ஆனா லேண்ட்லைன் கடத்துறது 300-லிருந்து 3,400 ஹெர்ட்ஸ் வரைக்கும்தான். அப்பாவோட அடிப்படை சுருதி வயர் வழியா வர்றதே இல்ல!

அப்புறம் எப்படி? குரல்ல 120 மட்டும் இல்ல. அதோட மடங்குகளான 240, 360, 480, 600-ன்னு ஒரு பட்டாளமே சேர்ந்து வரும். லைன்ல 360-ம் அதுக்கு மேலேயும் தப்பிச்சு வந்துடும். "எல்லாத்துக்கும் நடுவுல 120 இடைவெளி இருக்கே, அப்ப ஒரிஜினல் 120-தான்"னு மூளை கணக்குப் போட்டு, இல்லாத சுருதியைத் தானே நிரப்பிக்குது. கணக்குல அரியர் வெச்சவங்க மூளையும் இதை மட்டும் கரெக்டா போடும். செல்போனோட கடுகு சைஸ் ஸ்பீக்கர்ல பேஸ் கிடார் ட்யூனை நீங்க ஃபாலோ பண்றதும் இதே டகால்டிதான்.

மூளை ஏமாறும்னு தெரிஞ்சதும் இன்ஜினீயர்கள் சும்மா இருப்பாங்களா? எம்பி3 பிறந்தது அப்படித்தான். பக்கத்துல பஸ் ஹாரன் அடிக்கும்போது கண்டக்டர் "டிக்கெட் டிக்கெட்"னு கத்துறது நமக்குக் கேக்காது. அவர் கத்தாம இல்ல. பெரிய சத்தம் சின்னச் சத்தத்தை மறைச்சிடுது. பாட்டுக்குள்ளேயும் இதேதான்: ஒரு இசைக்கருவி 'டமார்'னு ஒலிக்கும்போது, பக்கத்துச் சுருதியில இருக்கிற சின்ன ஒலிகள் நமக்குக் கேக்காது. "கேக்காததை எதுக்குச் சேமிக்கணும்?"னு ஜெர்மனியில கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க்கும் ஃப்ரௌன்ஹோஃபர் நிறுவனத்து டீமும் அதையெல்லாம் தூக்கி வீசினாங்க. சிடியில 42 எம்பி பிடிக்கிற 4 நிமிஷப் பாட்டு, 4 எம்பிக்குள்ள அடங்கிடுச்சு.

ஒரே ஒரு பாட்டு மட்டும் அவருக்குத் தண்ணி காட்டுச்சு. சூசன் வேகா பாடின 'டாம்ஸ் டைனர்'. வாத்தியமே கிடையாது, வெறும் குரல். மறைக்க வேற சத்தம் இல்லாததால சின்னத் தப்பும் அப்பட்டமா கேட்டுச்சு. அந்த ஒரு குரல் சரியா வர்ற வரைக்கும் பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டு ஃபார்முலாவைச் செதுக்கினார் மனுஷன். '.எம்பி3'ங்கிற பேர் முடிவானது 1995 ஜூலை 14-ல்.

பஸ் ஹாரனும் கண்டக்டரும் ஞாபகத்துல இருக்கட்டும். கடைசியில அவங்ககிட்ட வேலை இருக்கு.

சிப்ஸும் டீயும்

நமுத்துப்போன சிப்ஸை யாராவது தலையில கட்டினா கண்டுபிடிச்சிடுவீங்களா? "நாக்கு சொல்லிடும்"கிறீங்களா? சாரி, பாதி வேலை காதோடது.

ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்துல மாசிமிலியானோ ஸாம்பினி, சார்லஸ் ஸ்பென்ஸ்னு ரெண்டு பேர் ஒரு பரிசோதனை செஞ்சாங்க. சிப்ஸைக் கடிக்கிறவங்களுக்கு ஹெட்போன் மாட்டி, அவங்க கடிக்கிற சத்தத்தையே மைக்ல பிடிச்சு, ஏத்தியும் குறைச்சும் அவங்களுக்கே போட்டுக் காட்டினாங்க. 'கறுக் மொறுக்' சத்தத்தைக் கூட்டினா, "ஆஹா, ஃப்ரெஷ்ஷா மொறுமொறுன்னு இருக்கே!" சத்தத்தைக் குறைச்சா, "நமுத்திருக்கு பாஸ்!" சிப்ஸ் என்னவோ ஒரே டப்பா சிப்ஸ்தான். 2004-ல் வெளியான இந்த ஆராய்ச்சிக்கு 2008-ல் இக் நோபல் கிடைச்சது. முதல்ல சிரிக்கவும் அப்புறம் சிந்திக்கவும் வைக்கிற ஆராய்ச்சிக்குக் கொடுக்கிற விருது அது. நம்ம பாட்டிங்களுக்கு இது எப்பவோ தெரியும். 'மொறுமொறு'ங்கிற வார்த்தையே சத்தம்தானே?

இன்னொண்ணு. கண்ணை மூடிக்கிட்டு, ஒருத்தர் டம்ளர்ல ஊத்துறது சுடுதண்ணியா பச்சத்தண்ணியான்னு சத்தத்தை வெச்சே சொல்ல முடியுமா? முடியும். சோதிச்சுப் பார்த்தப்ப, பெரும்பாலானவங்க சரியா சொல்லியிருக்காங்க. சூடாக ஆக தண்ணியோட பிசுபிசுப்புத் தன்மை குறைஞ்சுக்கிட்டே போகும். 80 டிகிரியில இருக்கிற தண்ணிக்கு, சாதாரண தண்ணியோட பிசுபிசுப்புல கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்குதான். அதனால கொட்டுற விதமும் சத்தமும் மாறுது. யாரும் சொல்லிக்கொடுக்காம, இத்தனை வருஷமா டீக்கடை பெஞ்ச்ல உக்காந்து காது தானாவே இதைப் படிச்சு வெச்சிருக்கு. ஹாஸ்டல் மெஸ்ல பந்தயம் கட்டிப் பாருங்க. ஜெயிச்சா எனக்கொரு டீ!

ச... ப... கொசு!

ராத்திரி காதுகிட்ட வந்து 'ஙொய்ய்'னு பாடுற கொசு மேல செம கடுப்புல இருப்பீங்க. ஆனா அது பாடுறது உங்களுக்காக இல்ல. டெங்குவைப் பரப்புற ஏடிஸ் கொசு இனத்துல, பெண் கொசு சிறகடிக்கிற ஒலி சுமார் 400 ஹெர்ட்ஸ். ஆண் கொசு 600. ரெண்டும் ஜோடி சேரப் பறக்கும்போது தங்களோட சிறகடிப்பை மாத்தி மாத்தி அட்ஜஸ்ட் பண்ணி, ரெண்டுக்கும் பொதுவான மடங்கான 1,200 ஹெர்ட்ஸ்ல சேர்ந்துக்குதுங்கன்னு 2009-ல் அமெரிக்காவோட கார்னெல் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடிச்சாங்க.

400-க்கும் 600-க்கும் உள்ள விகிதம் 2:3. பாட்டு கிளாஸ் போனவங்க இப்ப நிமிர்ந்து உக்காந்திருப்பீங்க. ஆமா, அது ஷட்ஜம், பஞ்சமம். அக்கா 'ச' பிடிக்குது, அண்ணன் 'ப' பிடிக்குது. தம்பூரா இல்லாமலே சுருதி சுத்தம்!

கொசுன்னதும் ஞாபகம் வருது. 2005-ல் பிரிட்டன்ல 'மஸ்கிட்டோ'ன்னு ஒரு கருவி வந்தது. கடை வாசல்ல கும்பலா நின்னு அரட்டை அடிக்கிற டீன் ஏஜ் பசங்களை விரட்டுறதுக்கு. அது போடுற சத்தம் 17,400 ஹெர்ட்ஸ். பசங்களுக்குக் காதைக் குடையும். கடைக்கு வர்ற பெரியவங்க பெரும்பாலானவங்களுக்குக் கேக்கவே கேக்காது. உச்ச ஸ்தாயி ஒலிகளைக் கேக்குற சக்தி, வயசு இருபதுகளைத் தாண்டும்போதே கழண்டுக்க ஆரம்பிச்சிடும். கண்டுபிடிச்ச ஹோவர்ட் ஸ்டேப்பிள்டனுக்கு 2006-ல் இக் நோபல் அமைதிப் பரிசு.

பசங்க சும்மா விடுவாங்களா? அதே டைப் சத்தத்தை ரிங்டோனா மாத்தி கிளாசுக்கே கொண்டு வந்துட்டாங்க. எஸ்.எம்.எஸ். வந்தா கிளாஸ் மொத்தத்துக்கும் கேக்கும், போர்டுல எழுதிட்டிருக்கிற வாத்தியாருக்கு மட்டும் கேக்காது! (ஐடியா கொடுத்தது நான்னு யார்கிட்டயும் சொல்லிடாதீங்க.)

நம்மாளு கேட்ட மிருதங்கம்

திருச்சியில பிறந்து, சென்னை பிரசிடென்சி காலேஜ்ல படிக்கும்போதே, 1906-ல் 18 வயசுல லண்டன் பத்திரிகையில ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிட்ட ஒரு ஸ்டூடன்ட். பேர் சி.வி.ராமன். ஒளிச்சிதறல், 1930 நோபல் எல்லாம் உங்களுக்குத் தெரியும். அதுக்கு முன்னாடி அந்த மனுஷன் வயலினையும் மிருதங்கத்தையும் தபலாவையும் காது கொடுத்துக் கேட்டுக்கிட்டிருந்தார்ங்கிறது தெரியுமா?

சாதாரணமா ஒரு தோலை வட்டமா இழுத்துக் கட்டித் தட்டினா, 1, 1.59, 2.14-ன்னு ஒண்ணுக்கொண்ணு ஒட்டாத அதிர்வுகள் கிளம்பும். அதனாலதான் பல டிரம்கள் 'தட் தட்'னு சத்தம் கொடுக்குமே தவிர, சுருதி சேராது. ஆனா மிருதங்கத்தோட வலந்தலையில் 'ச' சேர்க்க முடியுது. எப்படி? நடுவுல வட்டமா கறுப்பா அப்பியிருக்கே, சோறுன்னும் கரணைன்னும் சொல்வாங்களே, அதுதான் சூட்சுமம். அந்த எடை, தோலோட அதிர்வுகளை 1, 2, 3, 4, 5-ன்னு முழு மடங்குகளா மாத்திடுது. 1920-ல் ராமனும் அவரோட சகா சிவகாளி குமாரும் 'நேச்சர்' பத்திரிகையில இதை எழுதினாங்க. கம்ப்யூட்டர் இல்லாம, ஃபார்முலா இல்லாம, வெறும் காதை மட்டும் நம்பி நம்ம கைவினைக் கலைஞர்கள் அந்தக் கரணையைப் பூசிப் பூசிச் சரிபார்த்திருக்காங்க. காதுதான் லேப்!

கச்சேரின்னதும் ஒரு போனஸ் கணக்கு. சென்னையில ஒரு சபா கச்சேரியை, பழைய காலத்து ரேடியோவுல நேரடி ஒலிபரப்பா மதுரையில ஒரு தாத்தா கேக்குறார்னு வெச்சுக்குங்க. அதே சபாவுல 30 மீட்டர் தள்ளி, கடைசி வரிசையில ஒருத்தர் டிக்கெட் வாங்கி உக்காந்திருக்கார். பாட்டை முதல்ல கேட்டது யாரு? தாத்தா! ஒலி செகண்டுக்குச் சுமார் 343 மீட்டர்தான் ஓடும். கடைசி வரிசைக்கு வர 0.09 செகண்ட். ரேடியோ அலை செகண்டுக்கு 3 லட்சம் கிலோமீட்டர். மதுரைக்கு 0.0015 செகண்ட்தான். (இப்போ நெட்ல லைவ் பார்த்தா பல செகண்ட் லேட் ஆகும். அது வேற கேஸ்.)

இப்போ கொஞ்சம் சீரியஸ்

1979 ஜூலை 1. ஜப்பான்ல சோனி வாக்மேன் விற்பனைக்கு வந்த நாள். முதல் மாடல்ல ஹெட்போன் சொருக ரெண்டு ஓட்டை இருந்துச்சு. கூடவே ஆரஞ்சு கலர்ல 'ஹாட்லைன்' பட்டன். அதை அழுத்தினா பாட்டு சத்தம் குறைஞ்சு, குட்டி மைக் மூலமா பக்கத்துல இருக்கிறவரோட பேசலாம். தனியா ஒருத்தர் மட்டும் காதை அடைச்சுக்கிட்டுப் பாட்டு கேக்குறது மரியாதைக் குறைவுன்னு நினைச்ச காலம்! இன்னிக்கு நாம காதுல மாட்டினதைக் கழட்டாம தூங்கியே போறோம்.

இங்கதான் அந்த 15,000 பேர் மறுபடி வர்றாங்க. தலையில சுமார் ஒரு லட்சம் முடி. தினமும் 50, 100 கொட்டும், திரும்ப முளைக்கும். காதுக்குள்ள இருக்கிற முடி செல் ஒண்ணு செத்தா செத்ததுதான். மறுபடி முளைக்காது. இதுல கடுப்பேத்துற விஷயம் என்னன்னா, கோழிக்கு முளைக்கும்! இரைச்சலாலோ மருந்தாலோ கோழிக்குஞ்சோட முடி செல்கள் செத்தாலும் திரும்ப வளருதுன்னு 1980-களோட கடைசியில கண்டுபிடிச்சாங்க. சிக்கன்-65 ஆகப் போற ஜீவனுக்கு இருக்கிற வசதி நமக்கு இல்ல.

எவ்வளவு சத்தம் ஓகே? உலக சுகாதார நிறுவனம் சொல்ற அளவு: 80 டெசிபல்னா வாரத்துக்கு 40 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் ஒலியோட ஆற்றல் டபுள். அதனால நேரம் பாதியாகும். 83-ன்னா 20 மணி, 86-ன்னா 10, 89-ன்னா 5. இப்படியே போனா, 98 டெசிபல்ல ஒரு வாரத்துக்கான மொத்தக் கோட்டா சுமார் 37 நிமிஷம். ஃபுல் வால்யூம்ல வெச்ச இயர்போன் 94-லிருந்து 110 வரை போகும். காலேஜ் பஸ்ல ஒரு தடவை போய் வந்தாலே வாரக் கோட்டா காலி!

"நான் ஃபுல்லா வைக்க மாட்டேனே"ங்கிறீங்களா? அந்த பஸ் ஹாரனையும் கண்டக்டரையும் கூப்பிடுங்க. பெரிய சத்தம் சின்னதை மறைக்கும்னு சொன்னேன் இல்ல? பஸ் இன்ஜின் சத்தம் உங்க பாட்டை மறைக்கும். நீங்க ஏத்துவீங்க. ஹாரன் அடிக்கும், இன்னும் ஏத்துவீங்க. உங்களுக்கு என்னவோ சாதாரணமா கேக்குற மாதிரிதான் இருக்கும். முடி செல்லுக்குத்தான் உண்மை தெரியும். அதே வால்யூமை வீட்டுக்குப் போய், ஃபேனை நிறுத்திட்டுக் கேட்டுப் பாருங்க. அதிர்ந்துடுவீங்க.

கல்ச்சுரல்ஸ்ல ஸ்பீக்கர் பக்கத்துல நின்னு ஆடிட்டு ரூமுக்கு வந்தா காதுல 'கொய்ங்ங்'னு கேக்குமே... காலையில சரியாயிடும். சரியாயிடுச்சுன்னு நாமளும் மறந்துடுவோம். 2009-ல் அமெரிக்காவுல ஷரன் குஜாவா, சார்லஸ் லிபர்மேன்ங்கிற ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் எலிகளை வெச்சு ஒரு விஷயம் காட்டினாங்க. பலத்த சத்தத்துக்கு அப்புறம் கேக்கும் திறன் பழையபடி வந்துட்ட எலிகள்லகூட, முடி செல்லையும் நரம்பையும் இணைக்கிற இணைப்புகள் பாதிக்குப் பாதி அறுந்திருந்துச்சு. அதாவது டெஸ்ட்ல பாஸ், உள்ளே டேமேஜ்.

இரைச்சல் முதல்ல அடிக்கிறது 4,000 ஹெர்ட்ஸ் பக்கம். ச, ஸ, ஃப மாதிரி மெல்லிய எழுத்துகள் இருக்கிற ஏரியா அது. அதனால ஒரு நாள் திடீர்னு 'காது கேக்கலை'ன்னு ஆகாது. குரல் கேக்கும், வார்த்தை புரியாது. கேன்டீன் கூட்டத்துல ஃப்ரெண்ட் ஜோக் சொல்வான். "என்ன?"ன்னு ரெண்டு தடவை கேப்பீங்க. மூணாவது தடவை கேக்கக் கூச்சப்பட்டு, புரிஞ்ச மாதிரி சிரிச்சு வைப்பீங்க. இழக்க ஆரம்பிக்கிறது பாட்டை மட்டும் இல்ல. பேச்சை, பக்கத்துல இருக்கிற மனுஷங்களை.

பீத்தோவனுக்கு காது மங்க ஆரம்பிச்சது 27, 28 வயசுல. (அவருக்குக் காரணம் இயர்போன் இல்ல, என்ன வியாதின்னு இன்னும் சர்ச்சை ஓடுது.) 1802-ல் தம்பிகளுக்கு எழுதி, அனுப்பாமலே வெச்சிருந்த ஒரு கடிதம் அவர் இறந்த பிறகு கிடைச்சது. தூரத்துல யாரோ ஊதுற புல்லாங்குழல் பக்கத்துல நிக்கிறவருக்குக் கேக்குது, தனக்குக் கேக்கலைங்கிற அவமானத்தையும், 'சத்தமா பேசுங்க'ன்னு நாலு பேர்கிட்ட சொல்ல முடியாத தவிப்பையும் அதுல கொட்டியிருந்தார். 1824 மே 7, வியன்னாவுல ஒன்பதாவது சிம்ஃபனி முதல்முறையா அரங்கேறின அன்னிக்கு, கைத்தட்டல் அவர் காதுல விழலை. பாடகி கரோலின் உங்கர் அவரைப் பிடிச்சு, கூட்டத்தைப் பார்க்கத் திருப்பி விட்டாராம். அப்புறம்தான் கைகள் தட்டுறதைக் கண்ணால பார்த்தார்.

இன்னிக்கு ஹியரிங் எய்டு இருக்கு, காக்ளியர் இம்ப்ளான்ட் இருக்கு. பிறவியிலேயே காது கேளாத குழந்தைகளைப் பேச வைக்கிற அற்புதம் அது. ஆனா பரவலா பொருத்துற ஒரு இம்ப்ளான்ட்ல இருக்கிறது 22 மின்முனைகள். மூளைக்குச் செய்தி அனுப்புற வேலையை இயற்கையா செய்ற முடி செல்கள் சுமார் 3,500. வித்தியாசம் புரியுது இல்ல?

உலகத்துல 12-லிருந்து 35 வயசுக்குள்ள இருக்கிறவங்கள்ல 100 கோடிக்கும் மேல ஆபத்து வளையத்துல இருக்காங்கன்னு சொல்லுது உலக சுகாதார நிறுவனம். அட்வைஸ் ஆறுமுகமா மாறாம மூணே விஷயம் சொல்லி முடிச்சுக்கறேன். வால்யூம் 60 சதவிகிதத்துக்குக் கீழே. மணிக்கு ஒருமுறை காதுக்கு ஒரு இன்டர்வெல். ஸ்பீக்கர்லேருந்து பத்தடி தள்ளி ஆடினாலும் அது ஆட்டம்தான். முக்கியமா, 'கொய்ங்' சத்தம் ஒரு நாளைக்கு மேல நிக்கலைன்னா கூகுளைக் கேக்காம காது டாக்டரைப் போய்ப் பாருங்க.

பாட்டு கேளுங்க மக்களே. நிறைய கேளுங்க. அறுபது வயசுலயும் கேக்கணும், அதுக்குத்தான் சொல்றேன்.

இன்னிக்கு ராத்திரி ரூம்ல லைட்டை அணைச்சதும் ரெண்டு நிமிஷம் எல்லாத்தையும் கழட்டி வெச்சுட்டுச் சும்மா காது கொடுங்க. ஜன்னலுக்கு வெளியே சுவர்க்கோழி கத்தும். பாடுறது ஆண் மட்டும்தான், அதுவும் வாயால இல்ல, சிறகோட சிறகை உரசி. கேக்குற பொண்ணுக்குக் காது எங்கே இருக்கு தெரியுமா? முன்னங்கால்ல, முட்டிக்குக் கீழே!

இயர்போனை எங்கே மாட்டும்னு யோசிச்சுக்கிட்டே தூங்குங்க. அடுத்த வாரம் பார்ப்போம்!